பெரிதாக்காத தொலைநோக்கி தெரியுமா?

சினிமா வில்லன் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, முழ நீளக் குழாய் பொருத்திய ரைஃபிளில் ஒற்றைக் கண்ணை வைப்பான். எதிர்த் தெருவில் நடக்கிறவரின் சட்டைப் பொத்தான் திரை முழுக்கத் தெரியும். ஸ்கோப் என்றால் நம் மனசில் நிற்பது இந்தக் காட்சிதான். அது எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறதோ அவ்வளவு உசத்தி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் எருமை வேட்டைக்கு வழிகாட்டும் ஆளைக் கேட்டுப் பாருங்கள். ஜெர்மனியின் குளிர்காலக் காட்டில் பன்றி வரும் தடத்தைப் பார்த்து நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். பலருடைய துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப் எத்தனை மடங்கு தெரியுமா? ஒன்று! ஆமாம், வெறும் ஒரு மடங்கு. அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரிகிற அதே அளவு. திருகினால் நான்கோ ஆறோ வரும். ஆனால் விலங்கு கிட்டத்தில் வரும்போது அவர்கள் வைத்திருப்பது ஒன்றில்தான். இன்னும் எளிமை வேண்டுமென்பவர்கள் திருகே இல்லாத இரண்டரை மடங்கு, நான்கு மடங்கு ஸ்கோப்போடு ஆயுள் முழுக்க வேட்டையாடியிருக்கிறார்கள்.

பெரிதாக்காத தொலைநோக்கியைக் காசு கொடுத்து வாங்குவானேன்? அங்கேதான் வேடிக்கையே ஆரம்பிக்கிறது!

கண்ணுக்கு மூன்று வேலை, ஸ்கோப்பில் ஒன்றே ஒன்று

ஸ்கோப் இல்லாத துப்பாக்கியில் குறிபார்ப்பது எப்படி? கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு மணி, அதற்கப்பால் நூறு மீட்டரில் மான். மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். மணி தெளிவாகத் தெரிந்தால் மான் மங்கும். மானைப் பார்த்தால் மணி கரையும். பள்ளமோ எப்போதும் புகைமூட்டம்தான். நாற்பது வயதைத் தாண்டி, செய்தித்தாளை எட்டப் பிடித்துப் படிக்கத் தொடங்கியவருக்கு இந்த மூன்று வேலையும் சேர்ந்து நடப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஸ்கோப் செய்யும் மாயம் என்னவென்றால், மானையும் குறுக்குக் கோட்டையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பளிச்சென்று தெரியும். பள்ளமும் மணியும் காணாமலே போய்விடும். இதற்கு ஒரு மடங்கே தாராளம்! பெரிதாக்குவது ஸ்கோப் தரும் வரங்களில் கடைசி வரம் என்பேன். இந்த ஒரே தளம்தான் முதல் வரம். இந்தக் கட்டுரையில் இனி வரும் அதிசயங்கள் பலவற்றுக்கும் அதுதான் வேர்.

கலிலியோவின் குழாயில் கோடு போட முடியாது, தெரியுமா?

1609இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியில் குறுக்குக் கோடு போடவே முடியாது. காரணம், அதன் கண்பக்க லென்ஸ் குழிலென்ஸ். குழாய்க்குள் எங்கேயும் பிம்பம் விழுந்து நிற்பதில்லை. பிம்பம் நிற்காத இடத்தில் கோட்டை வைத்தால் அது தெரியாது, அவ்வளவுதான்.

1611இல் ஜொஹானஸ் கெப்ளர் எழுதிய நூலில் இரண்டு பக்கமும் குவிலென்ஸ் வைக்கும் யோசனை வந்தது. அதில் உள்ளே ஒரு பிம்பம் உருவாகும். தலைகீழாக இருந்தாலும் நிஜமான பிம்பம்! அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது காட்சியோடு ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சிலந்தி! இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞர் 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு குவிலென்ஸ்களை வைத்துச் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். திறந்து கிடந்த குழாய்க்குள் சிலந்தி ஒன்று இழை ஓட்டிவிட்டுப் போயிருந்தது. எட்டிப் பார்த்தால் வானத்தின் மேலேயே கோடு கிழித்தாற்போல அந்த இழை கூர்மையாகத் தெரிகிறது! மனிதர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அந்த இழையிலிருந்துதான் தொலைநோக்கிக் குறிகாட்டி பிறந்தது. பாவம், 1644இல் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று இளவயதிலேயே இறந்துபோனார். துப்பாக்கியின் மேல் அந்தக் குழாய் ஏற இன்னும் இரு நூற்றாண்டு ஆனது.

சிலந்தியை அத்தோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. நில அளவைக் கருவி, துப்பாக்கி ஸ்கோப் என இருபதாம் நூற்றாண்டிலும் குறுக்குக் கோட்டுக்கு நிஜமான சிலந்தி இழையைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இதற்காகவே சிலந்தி வளர்த்து இழை உருவி எடுத்தார்கள்!

தலைகீழ்ப் பிம்பத்தை நிமிர்த்த நடுவில் இன்னொரு ஜோடி லென்ஸ் வந்தது. இன்றைக்கு மடங்கை மாற்றும் ஸ்கோப்பில் நீங்கள் வளையத்தைத் திருகும்போது முன்னும் பின்னும் நகர்வது அந்த நிமிர்த்தும் லென்ஸ்கள்தான். மடங்கு மாறாத ஸ்கோப்பில் அந்த நகரும் பாகமே கிடையாது. தேய ஒன்றுமில்லை, ஆட ஒன்றுமில்லை.

பன்றி ஓடும் நேரத்தில் ஒரு கணக்கு

காட்டுப்பன்றி மிரண்டு ஓடினால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். நொடிக்கு 11 மீட்டர்! ஜெர்மனியிலும் பிரான்சிலும் போலந்திலும் ஆட்களும் நாய்களும் புதரைக் கலைக்க, வேட்டைக்காரர்கள் தத்தம் இடத்தில் நின்று காத்திருப்பார்கள். மரங்களின் இடைவெளியில் பன்றி குறுக்கே பாயும். தூரம் பெரும்பாலும் ஐம்பது மீட்டருக்குள்.

இப்போது பத்து மடங்கு ஸ்கோப்பை வைத்துக்கொள்வோம். நூறு மீட்டரில் அது காட்டும் அகலம் சுமார் 4 மீட்டர். ஐம்பது மீட்டரில் 2 மீட்டர். வளர்ந்த பன்றியின் நீளமே ஒன்றரை மீட்டர் வரும். ஆக வட்டத்துக்குள் நுழைந்த பன்றி வெளியேற ஆகும் நேரம்? ஐந்தில் ஒரு நொடி! கண் இமைத்தால் தீர்ந்தது. தெரிவதும் கறுப்பு ரோமம் மட்டுமே. அது தோளா தொடையா என்று யார் சொல்வது?

ஒரு மடங்கில் அதே இடத்தில் தெரியும் அகலம் சுமார் 20 மீட்டர். பன்றி அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நொடி. அது வருகிறது தெரியும், முன்னால் மரம் இருப்பது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பின்னால் ஆரஞ்சுச் சட்டை போட்ட சக வேட்டைக்காரர் நிற்கிறாரா என்பதும் தெரியும்! உயிர் காக்கும் அகலம் அது.

இன்னும் ஒரு படி போவோமா? நொடிக்கு 800 மீட்டர் போகும் தோட்டாவுக்கு ஐம்பது மீட்டரைக் கடக்க நொடியில் பதினாறில் ஒரு பங்கு போதும். அந்தச் சிட்டிகை நேரத்துக்குள் பன்றி எவ்வளவு நகர்ந்திருக்கும் தெரியுமா? ஏறக்குறைய 70 சென்டிமீட்டர்! தோளைக் குறிவைத்தால் குண்டு பின்தொடையில் போய் விழும். ஆகவே பன்றிக்கு முன்னால், காற்றைப் பார்த்துச் சுட வேண்டும். பத்து மடங்கு வட்டத்துக்குள் முன்னால் காற்றே இருக்காது, பன்றிதான் இருக்கும். ஒரு மடங்கில்தான் அந்த வெற்றிடம் கிடைக்கிறது.

ஓடும் விலங்கைச் சுடுவது ஒரு காலத்தில் ஒலிம்பிக் போட்டி! விலங்குக்குப் பதில் மான் வடிவப் பலகை தண்டவாளத்தில் ஓடும், நூறு மீட்டரிலிருந்து சுட வேண்டும். சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது வயது 60. 1912இல் ஸ்டாக்ஹோமில் 64 வயதில் மறுபடி தங்கம். 1920இல் ஆன்ட்வெர்ப்பில் 72 வயதில் வெள்ளி! விளையாட்டுப் போட்டியில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களில் அவரைவிட மூத்தவர் இன்றுவரை யாரும் இல்லை.

பத்தொன்பது டாலர் ஸ்கோப் போருக்குப் போன கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் செய்த ஸ்கோப்கள் துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருந்தன. தூக்கிக்கொண்டு காட்டில் நடப்பதாவது! 1880இல் ஆஸ்திரியாவின் ஸ்ட்ரோன்ஸ்டார்ஃபில் வன அதிகாரியாக இருந்த ஆகஸ்ட் ஃபீட்லர் வேட்டைக்கு உதவும் குட்டைக் குழாய் ஒன்றைச் செய்தார். வியன்னாவில் 1898இல் கார்ல் கஹ்லெஸ் தொடங்கிய பட்டறை, வேட்டை ஸ்கோப்பை முறையான தொழிலாகவே ஆக்கியது. ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனம் 1920களில் இரண்டேகால் மடங்கு, நான்கு மடங்கு என்று வரிசையாக விட்டது. எல்லாம் அருமையான சரக்கு. விலைதான் சீமான்களுக்கானது.

அப்போதுதான் வருகிறார் பில் வீவர். 1930, உலகமே பொருளாதார மந்தத்தில் தள்ளாடிய நேரம். கென்டக்கி மாநிலத்தின் நியூபோர்ட்டில் ஒரு சின்ன இடத்தில் உட்கார்ந்து, முக்கால் அங்குலக் குழாயில் ஒரு ஸ்கோப் செய்தார். பெயர் 330. பொருத்தும் பட்டையோடு சேர்த்து விலை 19 டாலர்! பண்ணைக்காரனும் தொழிலாளியும் வாங்க முடிகிற முதல் ஸ்கோப் அது என்று துணிந்து சொல்லலாம். பிறகு டெக்சாஸின் எல் பாசோவுக்கு இடம்பெயர்ந்து பெரிய தொழிற்சாலையே எழுப்பினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்கப் படைக்கு அவசரமாகக் குறிபார்க்கும் ஸ்கோப் தேவை. எதை எடுத்தார்கள்? மான் வேட்டைக்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்த அதே வீவர் 330ஐத்தான்! ராணுவப் பெயர் ஒன்று சூட்டி ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மடங்கு சுமார் இரண்டரை. இன்னொரு வேட்டை ஸ்கோப்பான லைமன் அலாஸ்கனும் இரண்டரை மடங்குதான், அதுவும் காரண்ட் ரைஃபிளில் ஏறியது. சோவியத் ஒன்றியத்தின் புகழ்பெற்ற பியூ ஸ்கோப் மூன்றரை மடங்கு. சினிமா வில்லனின் முழ நீளக் குழாயை இப்போது நினைத்துப் பாருங்கள்!

சின்ன லென்ஸ், நிறைய வெளிச்சம்: எப்படி?

2.5×20 என்று ஸ்கோப்பில் எழுதியிருந்தால் இரண்டரை மடங்கு, முன்லென்ஸ் 20 மில்லிமீட்டர் என்று பொருள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன லென்ஸ். 10×40இன் லென்ஸ் அதைப் போல இரு மடங்கு அகலம். மாலை மங்கலில் எது வெளிச்சமாகத் தெரியும்?

சின்னதுதான்!

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். 20ஐ 2.5ஆல் வகுத்தால் 8. 40ஐ 10ஆல் வகுத்தால் 4. கண்பக்கத்தில் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் இதுதான். இருட்டில் இளைஞனின் கண்மணி அதிகபட்சம் 7 மில்லிமீட்டர்தான் விரியும். வயதாக ஆக 5க்குச் சுருங்கிவிடும். அதற்குமேல் வருகிற ஒளி குறுகல் வாய்ச் சொம்பில் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி வெளியே வழியும். ஆக அந்தக் குட்டி 2.5×20, கண் ஏற்கக்கூடிய முழு வெளிச்சத்தையும் ஏற்கெனவே தந்துவிடுகிறது. அதே இரண்டரை மடங்குக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டினால் எடைதான் கூடும், ஒளி கூடாது. கற்றை அகலமாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தலையைக் கொஞ்சம் தப்பாக வைத்தாலும் காட்சி கறுத்துவிடாது. அவசரத்தில் துப்பாக்கியைத் தோளில் வைப்பவருக்கு இது பெரிய கொடை.

கண்ணாடியிலும் ஒரு கதை இருக்கிறது. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். குழாய்க்குள் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காலி! அதனால்தான் அந்தக் காலத்தில் லென்ஸ் குறைந்த எளிய ஸ்கோப்களுக்கு அத்தனை மவுசு. 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த, உக்ரைன் மண்ணில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸின் மேல் ஒளி அலையின் நீளத்தைவிட மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றி அந்த இழப்பை அடக்கினார். உங்கள் மூக்குக்கண்ணாடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ மினுங்குகிறதே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான்.

புருவத்தில் அரைவட்டம்

வெளிநாட்டு வேட்டைக்காரர் சிலரின் புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும். கரடி கீறியது என்று கதை விடுவார்கள், நம்பாதீர்கள்! ஸ்கோப் கொடுத்த முத்திரை அது. பெரிய தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணை ஸ்கோப்புக்கு மிக நெருக்கமாக வைத்திருந்தால் அதன் விளிம்பு நேரே புருவத்தைக் கிழிக்கும். வழக்கமான ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே எட்டொன்பது சென்டிமீட்டர் இடைவெளி வைப்பது அதனால்தான். மடங்கு குறைந்தால் இந்த இடைவெளியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இதை எல்லை வரை இழுத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் ஜெஃப் கூப்பர். 1983இல் அரிசோனாவில் தன் கன்சைட் பயிற்சிக் களத்தில் ஆட்களைக் கூட்டி, காட்டில் தனி ஆள் ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள் போதாதா என்று விவாதித்தார். நீளம் ஒரு மீட்டருக்குள், எடை மூன்று கிலோவை ஒட்டி. ஸ்கோப் இரண்டு மடங்கு. அதைப் பொருத்தியது எங்கே தெரியுமா? கண்ணருகே இல்லை, குழலின் மேல், ஒரு சாண் முன்னால்! இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம். ஸ்கோப்பைச் சுற்றிலும் காடு முழுக்கத் தெரியும். புருவத்துக்கும் ஆபத்தில்லை. இந்த யோசனையிலிருந்து ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் 1990களின் இறுதியில் ஒரு ரைஃபிளையே செய்து விற்றது.

ஜெர்மன் ராணுவம் 1941லேயே ஒன்றரை மடங்கு ஸ்கோப்பை இப்படி முன்னால் வைத்து ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுண்டுவிரல் தடிமனுக்குக் குழாய், பார்க்கும் அகலம் படு குறுகல். சிப்பாய்கள் திட்டித் தீர்த்தார்கள். மடங்கு குறைவாக இருந்தால் மட்டும் போதாது, அகலமும் வேண்டும்.

கோடைக்கானல் மலைக்கும் இதற்கும் உறவு!

அயர்லாந்தின் டப்ளினில் ஹோவர்ட் க்ரப் என்றொருவர் இருந்தார். வானியல் தொலைநோக்கி செய்வதில் பேர்போனவர். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பாரிஸில் செய்த பழைய தொலைநோக்கி ஒன்று உண்டு. அதைச் சூரியனைப் படமெடுக்கும் கருவியாக 1898இல் மாற்றியமைத்துத் தந்தது இந்த க்ரப்பின் பட்டறைதான்.

அதே க்ரப் 1900இல் இன்னொரு காரியம் செய்தார். சாய்ந்த கண்ணாடித் துண்டில் ஒளிக்குறி ஒன்றை எதிரொளிக்க வைத்து, அது எங்கோ தூரத்தில், குறியின் மேலேயே மிதப்பதுபோலக் காட்டும் உத்திக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிதாக்கலே இல்லை. கண்ணை அப்படி இப்படி நகர்த்தினாலும் ஒளிப்புள்ளி குறியைவிட்டு நகராது! முதலில் இதைப் பயன்படுத்திக்கொண்டது போர் விமானங்கள். வேட்டைக்காரர் கைக்கு ஒழுங்காக வந்தது 1975இல், சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனத்தின் மூலம். பேட்டரியில் எரியும் சிவப்புப் புள்ளி, மடங்கு ஒன்று. இன்றைக்கு உலகத்து ராணுவங்களெல்லாம் வாங்கிக் குவிக்கும் சிவப்புப் புள்ளி, சுவீடன் காட்டில் மூஸ் சுடப் போனவர்களுக்காகப் பிறந்தது!

தோட்டா உங்கள் பார்வையை இரண்டு முறை வெட்டும்

தோட்டா நேராகப் போகிறது என்று நினைத்தீர்களா? ஸ்கோப் குழலுக்கு மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழல் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பொருத்துகிறார்கள். 1906இல் பிறந்து இன்றும் வேட்டைக்குப் போகும் பாயின்ட் 30-06 தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு மீட்டரை ஒட்டிச் சரிசெய்தால், சுமார் 25 மீட்டரிலேயே பார்வைக் கோட்டைக் கீழிருந்து மேலே வெட்டும். நூறு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் மேலே போகும். இருநூறில் இறங்கி மறுபடி வெட்டும். முந்நூறில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும்.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் இருபது சென்டிமீட்டர் அகலம். ஆக இருநூறு மீட்டர் வரைக்கும் எந்தக் கணக்கும் போடாமல் நடுவில் வைத்தால் போதும். அந்தத் தூரத்தில் நான்கு மடங்கு ஸ்கோப் என்ன காட்டும்? ஐம்பது மீட்டரில் வெறுங்கண்ணால் பார்த்த மானைக் காட்டும். அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்! அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் மலையாடு தேடிச் சிகரம் சிகரமாக அலைந்தவர். அவரே நான்கு மடங்கில் திருப்தியாக இருந்தார்.

கண் நடுவில் இல்லாவிட்டால் குறி பிசகும் என்பார்கள். எவ்வளவு? நூறு மீட்டருக்குச் சரிசெய்த 20 மில்லிமீட்டர் ஸ்கோப்பில், இருநூறு மீட்டரில், கண் எவ்வளவு மோசமாக விலகினாலும் பிசகு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் அதுவே இரண்டரை சென்டிமீட்டர் வரை போகும்.

சட்டென்று சில

பழைய ஸ்கோப்களில் குறியைத் திருத்தினால் குறுக்குக் கோடு மையத்தைவிட்டு மூலைக்கு ஓடிவிடும். கோட்டை எப்போதும் நடுவிலேயே நிறுத்தும் வித்தை பரவலானது 1950களுக்குப் பிறகுதான்.

ஜெர்மன் ஸ்கோப்களில் தடித்த மூன்று கம்பிகள் பக்கவாட்டிலும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கும். மங்கலிலும் தெரிவதற்காக. மரபான அமைப்பில் இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, நூறு மீட்டரில் 70 சென்டிமீட்டரைக் காட்டும். தூரம் அளக்கும் கோல் உள்ளேயே இருக்கிறது!

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவி செய்துகொண்டிருந்த லியூபோல்ட் குடும்பத்தின் மார்க்கஸ், ஸ்கோப்புக்குள் பனி மூடியதால் மானைத் தவறவிட்டார் என்று அந்த நிறுவனம் சொல்லும் கதை உண்டு. கோபத்தில் தானே செய்யத் தொடங்கி, 1940களின் இறுதியில் குழாய்க்குள் ஈரப்பதமில்லாத நைட்ரஜனை அடைத்துவிட்டார். அவர்களுடைய இரண்டரை மடங்கு ஸ்கோப்பின் எடை 200 கிராமைத் தொடாது. நெடுந்தூரத்துக்கான பெரிய ஸ்கோப்கள் ஒரு கிலோ!

எங்கே தோற்கும்?

புகழ்ந்துகொண்டே போனால் நியாயமில்லை. நிலா வெளிச்சத்தில் பரண்மேல் உட்கார்ந்து வயலுக்கு வரும் பன்றிக்குக் காத்திருக்கும் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் 8×56 ஸ்கோப்பைத்தான் விரும்புவார்கள். 56ஐ 8ஆல் வகுத்தால் 7, கண்மணிக்குக் கச்சிதம். மங்கலில் விவரம் பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு: இரண்டு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 2.5×20க்கு 7 வரும், 8×56க்கு 21! வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், கொம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மடங்கு வேண்டும். முந்நூறு மீட்டரைத் தாண்டிய வெட்டவெளி, வயலில் எலி மாதிரிச் சின்ன இலக்கு, இங்கெல்லாமும் எளிய ஸ்கோப் கைவிரிக்கும்.

ஆனால் பத்து மடங்கில் இதயத் துடிப்புகூடத் தெரியும், விலங்கினுடையது இல்லை, உங்களுடையது! ஒவ்வொரு துடிப்புக்கும் குறுக்குக் கோடு துள்ளும். அதைப் பார்த்துப் பதறி விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். நான்கு மடங்கிலும் அதே ஆட்டம் உண்டு, கண்ணில் உறுத்தாது என்பதால் கை நிதானமாக இருக்கும். வெயில் நேரத்துக் கானல் அலையும் அப்படியே. பெரிதாக்கினால் கானலும் பெரிதாகும்.

ஸ்கோப்பை பைனாகுலர் மாதிரி வைத்துக்கொண்டு காட்டைத் துழாவுகிறவர்களைப் பார்த்தால் வழிகாட்டிகள் ஓடிவந்து திட்டுவார்கள். நீங்கள் பார்க்கும் திசையில் குழலும் பார்க்கிறதே! அங்கே புதரில் நிற்பது மனிதனாக இருந்தால்?

நம் காடுகளில்

125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே மாதம் இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், ஸ்கோப் இல்லாத ரைஃபிளால் சுட்டார். நம் ஜவளகிரி, சேலம் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததும் பாயின்ட் 405 வின்செஸ்டர், வெறும் பள்ளமும் மணியும்தான். புதருக்குள் பத்தடியில் புலி எழும்பும் இடத்தில் அவர்களுக்கு எந்தப் பெரிதாக்கலும் தேவைப்படவில்லை. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் அந்தக் கதைகளைப் படிக்கலாம், செய்ய முடியாது. நல்லதுதான்.

ஆனால் அந்த வகுத்தல் கணக்கு உங்களுக்கும் உதவும். வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பறவை பார்க்கப் போகிறீர்களா? சட்டைப் பைக்குள் அடங்கும் 10×25 பைனாகுலரை வகுத்துப் பாருங்கள், இரண்டரைதான் வரும். நாரைகள் கூடு திரும்பும் மாலை நேரத்தில் அது கறுத்துப்போகும். 8×40 என்றால் 5 வரும், மடங்கு குறைவானாலும் அதுதான் ஜெயிக்கும். கடையில் "எத்தனை மடங்கு?" என்று கேட்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த இரண்டு எண்களையும் வகுத்துவிட்டு வாங்குங்கள்.